அட்மினுக்கு மட்டும் அனுமதி

வீட்டில் பறிபோன ஆட்சியைக் கைபேசிக்குள்ளாவது பிடித்துவிடுவது என்று, 2018-ஆம் வருடத்து ஆனி மழையில் நான் முடிவெடுத்தேன்.

அப்போது குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சூப்பர்வைசர். என் மனைவி எலிசா அதே தோட்டத்தில் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற கொட்டகைக்குப் பொறுப்பு. வீட்டிலும் அவள், வேலையிலும் அவள். இரண்டுக்கும் நடுவே உள்ள சாலையில் மட்டும்தான் நான் சுதந்திர மனிதன். அங்கேயும் பைக்கில் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள்.

மரம் நனைந்தால் பட்டையைக் கீறி ரப்பர் வெட்ட முடியாது. பால் சிரட்டையில் விழாமல் பட்டையெல்லாம் வழிந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் தினமும் விடிகிறபோது ஒருவர் வானத்தைப் பார்த்து ‘வெட்டு உண்டு’ அல்லது ‘வெட்டு இல்லை’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால் வெட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று, "அக்கா, வெட்டு உண்டா?" என்று கேட்பார்கள். எலிசா அடுக்களையிலிருந்தே பதில் சொல்லிவிடுவாள். நான் எழுந்து பல் தேய்த்துவிட்டு வந்து, அவள் சொன்னதையே அதிகாரபூர்வமாக அறிவிப்பேன். ஆளுக்கொரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் காலை நேரத்துச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகும்.

பிறகு முதலாளி வைகுண்டராஜன் ‘தோட்டம்’ என்று ஒரு குரூப் தொடங்கி, என்னையும் அட்மின் ஆக்கினார். இனி என் வார்த்தை நேராக ஜனங்களிடம் போகும் என்று மகிழ்ந்தேன். முதல் நாள் ‘வெட்டு உண்டு’ என்று போட்டேன். அடுத்த நிமிஷமே கீழே எலிசா: ‘இல்ல. மலப்பக்கம் கறுத்துக் கிடக்கு. யாரும் வரண்டாம்.’ அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். முதலாளியின் கட்டைவிரலும் அதில் இருந்தது.

மழை பெய்தது. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

இப்படியே பல நாள் போயிற்று. கடைசியில் சந்தைப் பக்கம் மொபைல் கடை வைத்திருந்த ஆன்றோவிடம் போய் நின்றேன்.

"குரூப்புல ஒரு ஆளுக்க வாயை மட்டும் அடைக்க முடியுமா மக்கா?"

"ஒரு ஆளுக்கு மட்டும் முடியாது அண்ணாச்சி. அட்மின் மட்டும் பேசலாம்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு. போட்டா எல்லாருக்க வாயும் அடையும். யாரு அந்த ஆளு?"

"ஆபீஸ் விஷயம்."

"சரி. அக்கா சுகமா இருக்காவளா?"

வீட்டுக்கு வந்ததும் அமுக்க வேண்டியதை அமுக்கினேன். மறுநாள் காலை எலிசா போனும் கையுமாக வந்தாள்.

"இஞ்ச பாருங்க, என்ன எழுதினாலும் போவல்ல. எழுதுகதுக்கு இடமே இல்ல."

"இனி அட்மினுக்கு மட்டும்தான் அனுமதி. ஆபீஸ் ஒழுங்குன்னு ஒண்ணு வேணும் பாத்துக்கோ."

"அப்ப நான் ஒண்ணும் சொல்லப்பிடாதா?"

"வாசிக்கலாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள். இத்தனை வருட தாம்பத்தியத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

அந்த வாரம் என் வாழ்க்கையின் பொற்காலம். காலை வணக்கம் போட்டேன். ரோஜாப்பூ போட்டேன். பால் வாளியைக் கழுவுவது பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டேன். மறுத்துப் பேச ஆள் இல்லை. இப்படியொரு நிம்மதியை நான் சர்ச்சுக்குள்கூட அனுபவித்ததில்லை.

ஒருநாள் வானம் லேசாக மூடியிருந்தது. எலிசா சும்மா இருந்தாள். என் தீர்மானமாகவே இருக்கட்டும் என்று ‘வெட்டு உண்டு’ என்று போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு ஆள் இல்லை. மரங்கள் நின்றன, நான் நின்றேன். பிறகு மழை வந்தது. வெட்டியிருந்தால் அன்றைய பால் முழுக்கத் தண்ணீராகியிருக்கும்.

நனைந்துகொண்டே வெட்டுக்காரன் சுடலையாண்டியின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் துண்டு கொண்டுவந்து தந்தான்.

"ஏலே, குரூப்பைப் பாக்கல்லியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. நல்ல ரோஜாப்பூ."

"வெட்டு உண்டுன்னு போட்டிருந்தேன்லா?"

"அக்கா ஸ்டேட்டஸ்ல குடைப் படம் போட்டிருந்தாவளே. குடை போட்டா வெட்டு இல்ல, சாயா கிளாஸ் போட்டா வெட்டு உண்டு. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரியும், வேறு விதமாக. அந்த ஸ்டேட்டஸைக் காலையில் நானும் பார்த்திருந்தேன். குடை நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினாள் என்று யோசித்ததோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"யாரைக் கேட்டுக் குடை போட்டே?"

"எனக்க ஸ்டேட்டஸ்ல நான் குடையும் போடுவேன், சட்டியும் போடுவேன். உங்க குரூப்புல நான் வாய் திறந்தேனா?"

"இல்ல."

"பொறவென்ன. தலையத் துவட்டுங்க, சளி பிடிக்கும்."

தலையைத் துவட்டும்போது எனக்கு ஒரு ராஜதந்திரம் உதித்தது. வெளியே இருந்தால்தானே தனி ஆட்சி நடத்துகிறாள்? அவளையும் அட்மின் ஆக்கி உள்ளே இழுத்துவிட்டால்? என்னைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தேன். உடனே சம்மதித்தாள். பெருந்தன்மையோடு அட்மின் ஆக்கினேன்.

"எனக்கு இதொண்ணும் தெரியாதே" என்றாள். "எதை அமுக்கினா என்ன ஆகும்னு சொல்லித் தாங்க."

யாராவது என்னிடம் பாடம் கேட்டு எவ்வளவு காலமாகிறது! பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"ஆளுக்க பேரை அமுக்கிப் பிடி. இது அட்மின் ஆக்குகது. இது அட்மின்ல இருந்து எடுக்குகது."

"இதா?"

"அதுதான்."

"அமுக்கியாச்சு."

"யாரு பேருல அமுக்கினே?"

"உங்க பேருதான் முதல்ல கெடந்து."

பதறிப்போய் என் போனை எடுத்தேன். எழுதும் இடம் காணாமல் போயிருந்தது.

"ஏட்டி, திருப்பிப் போடு."

"மழை முடியட்டும், தாறேன்."

முதலாளிக்குப் போன் செய்தேன். "எலிசாவா அட்மின்? நல்ல காரியம் செய்தே செல்வதாஸ்" என்று பாராட்டினார். எங்கள் ஊரில் மழை முடிவதே இல்லை. ஆனி போய், ஆடி போய், ஐப்பசியில் அடுத்த மழையும் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. காலையில் நல்ல தூக்கம். எழுந்ததும் சாயா கிளாஸோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மலையைப் பார்த்து அவள் என்ன எழுதப் போகிறாள் என்று காத்திருப்பேன். சில நாள் என்னிடமும் கேட்பாள். நான் ‘உண்டு’ என்றால் ‘இல்லை’ என்று போடுவாள். அந்தச் சாயாவின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

அடுத்த வருடம் எங்களுக்கு இருபத்தைந்தாவது திருமண நாள். ஜனங்களுக்கு என் கையால் நாலு வரி எழுத வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"ஒருநாளைக்கு மட்டும் அனுமதி தா" என்றேன்.

"நீங்க எதுக்கு சிரமப்படணும்? நான் போட்டாச்சு."

ஆவலோடு வாசித்தேன். ‘இன்னைக்கு எங்களுக்க இருவத்தஞ்சாவது கல்யாண நாள். மத்தியானம் எல்லாரும் குடும்பத்தோட சாப்பிட வாருங்க. சமையல் முழுக்க அவராக்கும்.’

மறுத்து ஒரு வரி போட எனக்கு அனுமதி இல்லாததால், வெங்காயம் உரிக்கப் போனேன்.