ஆற வைத்த தகடு

"தகடு எங்கம்மா?" என்று கேட்டபடி கேன்டீனுக்குள் பாய்ந்தான் லேப் கெமிஸ்ட் அழகர்சாமி.

"ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருக்கேன் சார். நீங்கதான இது ஆறணும்னு குடுத்துட்டுப் போனீங்க," என்றாள் சமையல்கார நஞ்சம்மா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

மோருக்கும் தக்காளிக்கும் நடுவே, இருபுறமும் பச்சை பெயிண்ட் அடித்த அந்தத் தகடு சில்லிட்டுக் கிடந்தது. காலையில் பெங்களூர் பஸ் கம்பெனி அதிகாரி சென்னப்பன் சாவியால் இழுத்த கீறல் அப்படியே இருந்தது.

அது அழகர்சாமி கண்டுபிடித்த பெயிண்ட். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள். கீறினால் உடையும், அதிலிருக்கும் மருந்து கசிந்து, இறுகி, கீறலை மூடிவிடும். குளிரில் மட்டும் இறுகாது. சாப்பிட்டு வந்து சென்னப்பன் பார்க்கும்போது கீறல் இருந்தால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் லேபுக்குப் பூட்டு, அழகர்சாமி பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

லேப் ஓவனில் வைத்தான். கரண்ட் போனது. வெயிலில் காட்ட மொட்டை மாடிக்கு ஓடினான். ஓசூர் வானம் தூறல் போட்டது. மறுபடி கேன்டீன்.

"தோசைக்கல் ஓரமா வை. சூடு பட்டாத்தான் ஆறும்."

"சூடு பட்டா எப்பிடி சார் ஆறும்?"

"காபி ஆறுற மாதிரி இல்லம்மா. புண்ணு ஆறுற மாதிரி."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன," என்றவள் மஞ்சளைக் குழைத்துக் கீறலில் அப்பினாள்.

பிடுங்கித் துடைத்தான். இப்போது கீறல் மஞ்சள் கோடாகப் பத்தடி தூரத்துக்குத் தெரிந்தது. வாசலில் மேனேஜரின் குரல்.

"கல் ஓரமாவே இருக்கட்டும். தீயாம மட்டும் பாத்துக்க," என்று கெஞ்சிவிட்டு ஓடியவன், சென்னப்பனுக்கு மாம்பழ ஜூஸை ஊற்றி ஊற்றி நேரம் கடத்தினான். வேறு வழியில்லாமல் தகட்டை எடுக்கக் கேன்டீனுக்குத் திரும்பி வந்தான்.

தகடு பளபளத்தது. கீறலைக் காணோம். மஞ்சளைக்கூடக் காணோம்.

கொண்டுபோய்க் காட்டியதும் சென்னப்பன் விரலால் தடவிப் பார்த்தார். "ஏன்ரீ இது, கீறல் எங்க போச்சு? எங்க சேர்மன் இத நேர்ல பாக்கணும்." தகட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு காரில் ஏறினார். மேனேஜர் முதன்முறையாக அழகர்சாமியின் தோளில் கை போட்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் நஞ்சம்மா கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நல்லா ஆறிடுச்சா சார்? ஒரு பக்கமே கெடந்தா தீஞ்சிடுமேன்னு, தோசையாட்டம் திருப்பிப் போட்டேன்."