சேர்ந்து முடிவெடுத்து ஏறிய படகு

பரெய்ரு, செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை ஒதிலியாவுக்கு, அக்கா தெயோலிந்தா எழுதுவது. உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரரின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

படகில் போகும்போது என் பெல்மீரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நான் படகேறுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் லிஸ்பனில் இருக்கும் மகளைப் பார்க்கப் பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போய்வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடுகிறது என்று அவள்தான் நச்சரித்து ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினாள். டாக்டர் தொமே என்று பெயர், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, அவர் அறையும் அக்கரையில்தான், ஆக படகு பயத்துக்கு வைத்தியம் பார்க்கவும் பஸ்ஸில்தான் போனேன். மாத்திரை எழுதித் தருவார் என்று பார்த்தால், "மூணு வழி இருக்கும்மா. உங்க வீட்டுக்காரரைப் பத்திப் பேசலாம், மூச்சுப் பயிற்சி செய்யலாம், இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா படகுக்குப் பழகலாம். எதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்கிறார். "படிச்சவர் நீங்க. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் தம்பி இவ்வளவு தூரம் வரேன்?" என்றேன். "வைத்தியம் எனக்குத் தெரியும். உங்களை உங்களுக்குத்தானேம்மா தெரியும்?" என்றார். பெல்மீருவைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூச்சைப் பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதற்கென்ன பயிற்சி. மிச்சம் படகு. "கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் வேணாம், ஒரேயடியா ஏறிடலாம். நீங்களும் கூட வரணும்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "நான் எவோராக்காரன்மா, எங்க ஊர்ல படகே கெடையாது" என்று இழுத்தார். பிறகு சரி என்றார்.

நேற்று ஏறினோம். நல்ல காற்று. நடு ஆற்றில் டாக்டர் பிள்ளை வெளிறிப்போய், வேறு இடம் கிடைக்காமல், என் புதுக் கைப்பையிலேயே வாந்தி எடுத்துவிட்டது. "வெக்கப்படாதீங்க தம்பி, நான் நெத்தியப் பிடிச்சுக்கறேன்" என்று பிடித்துக்கொண்டேன். கரை வந்த பிறகுதான், பயப்பட மறந்துபோனேன் என்பது உறைத்தது. "இப்ப எப்படி இருக்கும்மா?" என்று முனகினார். "எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க யாரையாவது போய்ப் பாருங்க" என்றேன்.

ஆக, உன் அக்கா குணமாகிவிட்டாள். எல்லோருக்கும் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். புனித அந்தோனியார் உங்கள் வீட்டுப் பக்கமே இருக்கட்டும்.

அன்புடன்,
தெயோலிந்தா

பின்குறிப்பு: புதன் காலை. இதை அக்கரையில் தபாலில் போடலாம் என்று தனியாகப் படகேறினேன். நெற்றியைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கயிற்றை அவிழ்ப்பதற்குள் இறங்கிவிட்டேன். குணமானதை யாரிடமும் சொல்லாதே. தொமேவுக்குப் போன் செய்து, நாளைக்கு பெல்மீருவைப் பற்றிப் பேச வருகிறேன் என்றேன். நேரம் குறித்துக்கொண்டார். பிறகு, "பஸ்ஸுலதானேம்மா வரீங்க?" என்று கேட்டார்.