கடைமடையில் முளைத்த மலை

உபயோகக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பொருளை ஒரு முறையாவது தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், மன்னிக்கவும். நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். தொடாமலே எழுதியிருக்கிறேன். அதுவும் முதல் வரியிலேயே 'மிக எளிது' என்று போட்டு.

அப்போது எனக்கு வேலை கிடைத்து நாலாவது மாதம். கம்பெனி சென்னையில், நான் கீழ்வேளூர் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில், எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஏஐ மூலம் படம் வரைகிற கருவி ஒன்றைக் கம்பெனி செய்திருந்தது. ஒரு படத்தைக் கொடுத்து, அமைப்புகளைக் கொஞ்சம் மாற்றி, 'மறுபடி உருவாக்கு' என்பதை அழுத்தினால் அது புது மாதிரியாக வரும். எவ்வளவு மாற வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பூஜ்யம் வைத்தால் பழைய படமே வரும், நூறு வைத்தால் அது தன் இஷ்டத்துக்கு வரையும். இதற்கெல்லாம் விளக்கம் எழுதுவது என் பொறுப்பு. ஒரே மூச்சில் எழுதித் தள்ளினேன். 'உங்கள் அசல் படம் எப்போதும் பத்திரமாக இருக்கும்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிக்க நன்றாக இருந்தது. (எனக்கு அப்பவே கற்பனை ஜாஸ்தி.)

மேலாளர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "மாதிரிப் படம் எங்க?"

அந்த வாரம்தான், தை மாதத்தில், மழை பிடித்துக்கொண்டது. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது மூன்று நாள் விடாமல் கொட்டி, அம்மா குத்தகைக்கு எடுத்திருந்த மூன்று ஏக்கர் சம்பாவும் தரையோடு சாய்ந்துவிட்டது. பல வருடம் பிறர் வயலில் நடவு நட்டவள் அம்மா. தன் பொறுப்பில் பயிர் வைத்தது அதுதான் முதல் தடவை. சேதக் கணக்கெடுப்பில் அவள் பெயர் ஏறி நிவாரணப் பணம் வந்தால்தான் குறுவைக்கு விதை வாங்க முடியும். வேளாண்மை அலுவலர், வயலைப் படம் எடுத்து, தெளிவு குறையாமல் ஃபைலாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார்.

படத்தை நான்தான் எடுத்தேன். போனில் இடமில்லாததால் லேப்டாப்பில் ஏற்றி, 'அம்மா வயல்' என்று பெயர் வைத்து, போனில் இருந்ததை அழித்தேன். மேலாளர் மாதிரிப் படம் கேட்டபோது கைக்கு எட்டியது அதுதான். கருவியில் கொடுத்து, 'பசுமையான நெல்வயல், அழகான காலை' என்று எழுதி, அளவை எண்பதில் வைத்து அழுத்தினேன். சாய்ந்து கிடந்த நெல் எழுந்து நின்றது. வெயில் அடித்தது. பின்னால் நீலமாக ஒரு மலை, மலையிலிருந்து ஓர் அருவி! அசந்துபோனேன். கருவி அந்தப் புதுப் படத்தை அதே பெயரில், பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பத்திரமாக இருக்கும் என்று எழுதியவளே நான்தானே.

"போட்டோவ அனுப்பிட்டியாடி?" என்று கொல்லையிலிருந்து அம்மா கேட்டாள்.

"இதோம்மா" என்று, திறந்துகூடப் பார்க்காமல் ஃபைலை அனுப்பினேன்.

மறுநாள் காலை அலுவலர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"என்னம்மா, சேதம்னு சொன்னீங்க. நெல்லு நல்லா நிக்குதே?"

"எங்கங்க நிக்குது? பாய் விரிச்சாப்ல கெடக்குங்க."

"பின்னாடி மலை வேற தெரியுது. அருவி கொட்டுது."

"மலையா! எங்க ஊர்லயே உசரமானது ரோட்டுல இருக்க வேகத்தடைதாங்க."

"வேற எடத்துப் படத்த அனுப்புனா லிஸ்ட்ல பேரு வராதும்மா. நாளைக்கு நானே நேர்ல வந்து பாக்குறேன்."

போனை வைத்ததும் நான் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கத்தவில்லை. "அதுக்கு மலைய ஏண்டி வச்ச?" என்றாள்.

"நான் வைக்கலம்மா. அதுவா வச்சிருச்சு."

"அதுவா வச்சிருச்சாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் அலுவலர் பைக்கில் வந்தார். ரோடு முடிகிற இடத்திலிருந்து எங்கள் வயலுக்கு வரப்பு வழியாக ஒரு மைல் நடக்க வேண்டும். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்; அம்மாவும் கூட வந்தாள். அவர் பின்னாலேயே லேப்டாப்பைத் திறந்து பிடித்தபடி, எண்பது என்றால் என்ன, பொத்தான் என்ன செய்யும் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கருவியைச் சரியாக விளக்கினேன் என்று நினைக்கிறேன். நினைத்த நொடியில் வரப்பு வழுக்கி, இடுப்பு வரை சேற்றுக்குள் போனேன். கை மட்டும் லேப்டாப்போடு மேலே நின்றது.

"மொதல்ல அதக் குடுங்க" என்று லேப்டாப்பை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் என்னைத் தூக்கிவிட்டார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "படிச்ச புள்ளதாங்க. செஞ்சு பாக்காம எழுதிருச்சு. இனிமே எழுதாது" என்று அவரிடம் சொன்னாள்.

அவர் வயலில் குனிந்து ஒரு கதிரை எடுத்தார். கதிரிலேயே நெல் பச்சையாக முளைவிட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

"உண்மையச் சொல்லிடறேங்க. ரோட்டோரமா நாலு வயலப் பாத்துட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். இந்த மலை என்னன்னு பாக்கத்தான் இவ்வளவு தூரம் உள்ள வந்தேன்."

அன்று மதியம் வரை கடைமடை முழுக்க நடந்து, ஒவ்வொரு வயலாகப் பார்த்து எழுதினார். அம்மா பெயர் ஏறியது. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வயல் வைத்திருந்த அத்தனை பேர் பெயரும் ஏறியது. போனிலேயே பெயரை அடித்துவிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுஷர். நடந்து வந்து பார்த்தாரே, அதற்கு இன்றுவரை அவருக்கு மனசுக்குள் கும்பிடு போடுகிறேன். அம்மாவுக்கும்தான். அந்தச் சேற்றில் என்னை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எதையும் பத்து முறை அழுத்திப் பார்க்காமல் எழுதுவதில்லை. அந்தக் கருவியின் விளக்கத்தில் இப்போது முதல் வரியே, சிவப்புக் கட்டத்துக்குள், 'அசல் படத்துக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்' என்பதுதான்.

எங்கள் மூன்று ஏக்கருக்கு ஊரில் இப்போது மலையடி என்றே பெயர். "மலையடிக்குத் தண்ணி ஏறிடுச்சா?" என்று சிரிக்காமல் கேட்கிறார்கள். போன அறுவடைக்கு வெளியூரிலிருந்து மெஷின் ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர் பாதி வழியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, மலையடி வயல்னு சொன்னாங்க. நானும் அரை மணி நேரமா சுத்துறேன், மலையே கண்ணுல படலையே?"

"அது எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கு தம்பி" என்றாள் அம்மா. "நீங்க வாய்க்கா ஓரமாவே வாங்க."