பென்டிரைவின் முகம்

தெரியாத வேலையில் கைவைத்து நான் ஒருநாளும் அவமானப்பட்டதில்லை. தெரிந்த வேலையில்தான் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். அதுவும் மாமியார் வீட்டில், நல்ல நாளில், வேட்டி சால்வையோடு.

கலியாணம் முடிந்து வந்த முதல் நவராத்திரி. அச்சுவேலியில் மனைவி வதனியின் வீட்டில் நின்றோம். அவளுடைய தம்பி சுதன் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்திருந்தான். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் சண்டைபிடித்து, டீவியில் பூட்டி விளையாடிய கேம் பெட்டி இன்னும் அலுமாரிக்குள் இருந்தது. விஜயதசமியன்று பின்னேரம் அவனுக்குப் பயணம். அதற்குமுன் அக்காவோடு ஒரே ஒரு கார் ரேஸ் ஓடிவிட வேண்டுமென்று ஆசைப்பட்டான்.

"சீடி வாசிக்கிற லென்ஸ் பழுதாப் போச்சுது அத்தான். பென்டிரைவாலை ஓடலாமாம். உங்களுக்கு ஏலுமே?"

"உதென்ன கேள்வி? எனக்கு உது சுண்டங்காய் வேலை!" (நான் கணினி வாத்தியார். பக்கத்தில் மாமாவும் இருந்ததால் குரல் கொஞ்சம் கூடிவிட்டது.)

இரண்டு பென்டிரைவ் வாங்கினேன். அந்தப் பழசுக்கு விளங்கும் ஃபாட் 32 வடிவத்தில் ஃபோர்மற் செய்து, பெரிய கேமைத் துண்டு துண்டாக வெட்டி ஏற்றினேன். வேலையில் ஒரு பிழை இல்லை. எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

பிழை பூசையில் வந்தது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு என் பென்டிரைவ்களையும் கும்பத்தடியில் வைத்திருந்தேன். விஜயதசமி காலை மாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"தம்பி, உதுக்கு எங்கை பொட்டு வைக்கிறது?"

படித்த மருமகன் யோசிக்கவேயில்லை. "உந்தத் தகரப் பக்கம்தான் மாமி முகம். உதாலைதான் மெசினோடை கதைக்கும்."

பன்னீரில் குழைத்த சந்தனத்தை நானே தாராளமாக அப்பினேன். மேலே குங்குமம்.

மாமி கைகூப்பியபடி நிற்க, வைத்த பொட்டைத் துடைக்க மனம் வருமா? மேலால் ஒற்றிவிட்டுக் கேம் பெட்டியில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்ததை இன்னும் அழுத்திச் செருகினேன். 'டிக்' என்றது. பெட்டிக்குள்ளிருந்து மெல்லப் புகை வந்தது. வீடு முழுக்கச் சந்தன வாசம்.

முற்றத்தில் நின்ற மாமா கேட்டார்: "என்ன பிள்ளை, திரும்பவும் பூசையே?"

சுதன் போனில் லைற் அடித்துத் துவாரத்தைப் பார்த்தான். "அத்தான், உள்ளுக்கை குங்குமமும் கிடக்கு."

வதனி கையிலிருந்த கொன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயோ, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது! புறப்படும்போது சுதன் அந்தப் பெட்டியை என் கையில் தந்தான். "வைச்சிருங்கோ அத்தான். அடுத்த பூசைக்கு உதவும்." எல்லோரும் சிரித்தார்கள். வதனி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவுமில்லை.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, வீடு நிறையச் சனம். தகப்பன் பொட்டு வைக்கட்டும் என்றார்கள். சந்தனத்தைத் தொட்டுக் குனிந்தேன். மாமி பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நெத்தியிலை! நெத்தியிலை வையுங்கோ!"

அன்று வதனிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். மகளுக்கு இப்போது ஆறு வயது. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாலே போதும், தன் நெற்றியில் விரலை வைத்துக் காட்டுகிறாள்: "அப்பா, இஞ்சை."