ஐந்து சொற்களும் ஒரு குதிரையும்

அன்பும் மரியாதையும் நிறைந்த ஜிபார் அக்காவுக்கு,

நீங்களும் அண்ணனும் நலமா, குட்டி போட்ட ஆடுகள் நலமா, உங்கள் மூட்டுவலி மலையிறங்கிப் போய்விட்டதா? இங்கே எல்லோரும் நலம், உங்கள் தம்பியான என் வீட்டுக்காரரின் தலையைத் தவிர.

குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டைப் பறித்துக்கொள்ளும் உலாக் ஆட்டத்தில், ஆட்டுடலை விடமாட்டேன் என்று குதிரையை விட்டுவிட்டு விழுந்தாரே, அந்த அடி மூளையை எவ்வளவு தொட்டிருக்கிறது என்று பார்க்க, வீடு திரும்பியவரை மாவட்ட மருத்துவமனைக்கு மறுபடி அழைத்தார்கள். நினைவுச் சோதனையில் தேறினால் வசந்தகால ஆட்டத்துக்குப் போகலாம், தேறாவிட்டால் குதிரை ஏறக்கூடாது. இன்னொரு அடி விழுந்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் குல்பரா என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் ஆட்டக்குழு சும்மா இருக்குமா? எங்களுக்கு முன்னால் உள்ளே போய் வந்த லாரி ஓட்டுநரைக் குழுத்தலைவன் தோல்குன்பாய் மடக்கி, வேகவைத்த குதிரை இறைச்சியைக் கையில் திணித்து, சோதனையில் கேட்ட சொற்களைக் கறந்துவிட்டான். பிறகு நடைகூடத்தில் குழுவே சுற்றி நின்று உங்கள் தம்பியை ஒப்பிக்க வைத்ததில், தரை துடைக்கிற அம்மாளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

உள்ளே போனோம்.

"ஐயா, இப்ப அஞ்சு வார்த்தை சொல்லப் போறேன். நல்லா கேட்டுக்கிட்டு..."

"குடை, வெண்ணெய், பாலம், மணி, நீலம்," என்றார் உங்கள் தம்பி.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

"நீங்க மெதுவா சொல்லுங்க டாக்டரம்மா, எனக்கு அவசரமில்ல."

டாக்டர் வேறு தாளை எடுத்து வேறு சொற்களைப் படித்தார். அதற்கும் குடை, வெண்ணெய்தான். ஜன்னலுக்கு வெளியே தோல்குன்பாய் தலையில் அடித்துக்கொண்டான். சொல்லாததை நினைவில் வைத்திருக்கும் நோயாளிக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் டாக்டர் என் பக்கம் திரும்பி, "வீட்ல ஆளு மாறியிருக்காரா?" என்று கேட்டார்.

அக்கா, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாறித்தான் இருக்கிறார். கிண்ணம் கழுவுகிறார். தேநீர் கொடுத்தால் நன்றி சொல்கிறார். நான் பேசினால் முடிக்கும்வரை கேட்கிறார். இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த மனிதரை நான் சந்தித்ததே இல்லை. இது குணமாகத்தான் வேண்டுமா என்று யோசித்து, யோசித்ததற்கு வெட்கப்பட்டு, கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இது கவனிக்க வேண்டிய அறிகுறி" என்று குறித்துக்கொண்ட டாக்டர், அடுத்த சோதனைவரை குதிரையே கூடாது என்றுவிட்டார். வெளியே தோல்குன்பாய், "ஏன் அண்ணி, பாத்திரம் கழுவுறத எல்லாம் போய் வெளிய சொல்லுவீங்களா? குடும்ப மானமே போச்சு!" என்று பிடித்துக்கொண்டான்.

குதிரை லாயத்தில் நிற்கும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது. உங்கள் சொல் ஒன்றைத்தான் அவர் மீறமாட்டார். ஆகவே ஆளனுப்பிக் குதிரையை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அவர் உயிர் உங்கள் கையில்.

உங்கள் அடுப்பு அணையாமலும் மந்தை குறையாமலும் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சைக்கால்

பி.கு.: ஆளனுப்ப வேண்டாம். இன்று காலை சூப்பில் உப்பில்லை என்று கத்தினார். பழைய ஆள் திரும்பிவிட்டாரே என்று சந்தோஷத்தில் அழுதேன், அப்புறம் கழுவாத கிண்ணத்தைப் பார்த்து இன்னொரு தரம் அழுதேன். இந்தக் கடிதத்தைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, அதே குதிரைமேல் ஏறி வாசலில் நிற்கிறார். நான் எழுதியதை அவர் ஒருநாளும் படித்ததில்லை, பயப்படாதீர்கள். தோல்குன்பாய் கடிவாளத்தைப் பிடித்து நடத்தியே கூட்டிவருகிறான். வந்ததும் குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு ஆளைப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள். ஏற்றுவதற்கு முன், சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவச் சொல்லிப் பாருங்கள். கழுவினார் என்றால், அதையும் குணமாக்கிவிடப் போகிறார்கள், இந்த முறை டாக்டரிடம் நான் வாய் திறக்கமாட்டேன்.