பலகையில் வந்த 287-ஆம் பாட்டு

அட்டுவம்பட்டி, கொடைக்கானல்.
புதன்கிழமை, மூடுபனி.

மாட்சிமை பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மாத இதழின் பத்தொன்பது வருடச் சந்தாதாரனும், ஓய்வுபெற்ற தபால்காரனும், அட்டுவம்பட்டிச் சிற்றாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவனுமாகிய வே. சத்தியநாதன் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இந்தக் கடிதம் தங்களை நல்ல சுகத்திலும் நல்ல வெயிலிலும் வந்து காண்பதாக. இங்கே இரண்டும் கொஞ்சம் குறைவு.

தங்கள் இதழில் இசைக்கு ஒரு பக்கம், தினசரி வேத வாசிப்புக்கு ஒரு பக்கம், உலக நடப்பை விசுவாசி எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் வருகிறது. என் சங்கடம் மூன்றிலும் கால் நீட்டிப் படுத்திருப்பதால் நேரே தங்களுக்கே எழுதுகிறேன். பதில் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். அதற்குப் பிறகு வரும் பதிலை வாசிக்க நான் இருப்பேனா என்பதுதான் கேள்வியே.

எங்கள் ஆலயத்தில் இருபது பேர் கூடினால் அது பண்டிகை. போதகருக்கு நான்கு சபைகள், நேரத்துக்கு வந்ததில்லை. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவரில் உள்ள பாட்டு எண் பலகையில் என்ன எண் இருக்கிறதோ அதை எழுந்து நின்று பாடிவிடுவோம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பாட்டுக்கும் எண் கட்டைகளை அடுக்கி, ஆலயத்தைப் பூட்டி, சாவியை என் வீட்டுக் காலண்டர் பக்கத்து ஆணியில் மாட்டுவது நான். ஜூலையில் ஒரு ஞாயிறு போய்க் கதவைத் திறக்கிறேன், எனக்கு முன்னால் பனி உள்ளே போய் பெஞ்சுகளுக்கு நடுவே நிற்கிறது, பீடத்தில் பூ இருக்கிறது, மெழுகுவத்தி இருக்கிறது, எல்லாம் வழக்கம்போல் இருக்கிறது, பலகையில் மட்டும் மூன்றாவது எண் நான் போட்டதில்லை. தொட்டுப் பார்த்தேன், கட்டை ஈரமாக இருந்தது. ஜன்னல் கொக்கிகள் போட்டபடி இருந்தன. ஆர்மோனியத்தின் மேல் வெள்ளை லில்லியின் ஓர் இதழ் கிடந்தது. படங்களில் தேவதூதன் கையில் இருக்குமே, அந்தப் பூ. அதை எடுத்து என் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று வந்திருந்தது கடலும் புயலும் வரும் பாட்டு. பாடினோம். புதன்கிழமை வங்கக் கடலில் புயல், இங்கே நான்கு நாள் கரண்ட் இல்லை. இரண்டு வாரம் கழித்து, காலமில்லாத காலத்தில், அறுப்புப் பாட்டு. கிளாவரையில் பூண்டு போட்டிருக்கும் திருமலைச்சாமி, நம் மார்க்கத்தார் அல்ல, எனக்குத் தபால் காலத்துப் பழக்கம், இதைக் கேள்விப்பட்டு அன்றைக்கே ஆள் விட்டுப் பூண்டைப் பிடுங்கிவிட்டார். வியாழக்கிழமை மழை இறங்கி மற்றவர்கள் பூண்டெல்லாம் மண்ணிலேயே அழுகியது. அடுத்தது கலியாணப் பாட்டு. எங்கள் சபையில் கலியாண வயதில் யாருமே கிடையாது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பாடினோம். அந்த வாரமே எங்கள் பொருளாளர், ஐம்பத்தொன்பது வயது, மனைவியை இழந்தவர், பண்ணைக்காடு ஊரில் பெண் பார்த்து முடித்துவிட்டேன் என்று மிட்டாயோடு வந்து நின்றார். அதன்பிறகு போதகர் பிரசங்கம் தயாரிக்குமுன் பலகையில் என்ன வந்திருக்கிறது என்று எனக்குப் போன் செய்கிறார். திருமலைச்சாமியும் செய்கிறார்.

நான் துப்புத் துலக்காமல் இல்லை. போதகரைச் சந்தேகித்தேன், பொருளாளரைச் சந்தேகித்தேன், ஒரு மரநாயைக்கூடச் சந்தேகித்தேன். ஒரே ஒரு வாரம்தான் பலகை நான் போட்டபடி இருந்தது. அது இரண்டு வாரத்துக்கு முன், என் மனைவி ரோகிணி திண்டுக்கல்லில் தன் அக்காள் மகள் லாவண்யா வீட்டுக்குப் போயிருந்த வாரம். லாவண்யா அங்கே ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் தனியாக இருப்பவனைப் பயமுறுத்த வேண்டாம் என்று அந்த ஆவிக்கே இரக்கம் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

போன ஞாயிறு பலகையில் 287. ஐயா, அது அடக்க ஆராதனைப் பாட்டு. குழிக்கரையில் மட்டும் பாடுவது. பதினான்கு பேர் எழுந்து நின்றோம், ஒருவர் வாயும் திறக்கவில்லை. கொஞ்சநேரத்தில் பதின்மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின, வயதில் நான்தானே மூத்தவன். நான் ஆர்மோனியத்தை மூடிவிட்டேன். பாடாமல் விட்ட பாட்டு அதோடு போய்விடுமா, அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைக்கப்படுமா? இது என் முதல் கேள்வி. இரண்டாவது, இந்தச் சபையில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், என் அடக்கத்துக்கு யார் வாசிப்பது?

இதில் தங்கள் இதழுக்கும் பங்குண்டு. வீட்டுக்கு வந்து தங்கள் வேத வாசிப்பு அட்டவணையைப் பிரித்தால், அன்றைய பகுதி அந்த வியாதிப்பட்ட ராஜாவின் அதிகாரம். வீட்டை ஒழுங்குபடுத்திக்கொள், நீ பிழைக்கப்போவதில்லை என்று தீர்க்கதரிசி வந்து சொல்கிறாரே, அதுதான். ஆகவே ஒழுங்குபடுத்தினேன். தகரக் கூரையின் ஒழுக்கை அடைத்தேன், பரணைக் காலி செய்தேன், கோட்டை வெளுக்கப் போட்டேன். அந்த ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுததால் பதினைந்து வருடம் கூடக் கிடைத்தது என்றும் போட்டிருக்கிறது. எங்கள் அறையில் சுவர்ப்பக்கம் பீரோ நிற்கிறது. நான் பீரோவைப் பார்த்து அழுதேன், அது செல்லுமா என்று தயவுசெய்து விசாரித்து எழுதவும். நான் அழுகிற சத்தம் கேட்டு ரோகிணி வந்து நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நேற்று திருமலைச்சாமி காய்கறி லாரியில் ஏறி நேரிலேயே வந்துவிட்டார், ஒரு சிப்பம் பூண்டோடு. சேதி கிளாவரை வரைக்கும் போயிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களுக்கப்பறம் நம்பர யார்ட்டங்க கேக்கணும்?"

எனக்குச் சாவதற்குப் பயமில்லை என்று முப்பது வருடமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது, ஐயா. பனி வந்து ஜன்னலில் நிற்கும்போதெல்லாம் யாரோ எண் கட்டையைத் தட்டி வைக்கிற சத்தம் கேட்கிறது.

தங்களுக்கும் தங்கள் அச்சகத்தாருக்கும் ஆயுசும் சமாதானமும் பெருகட்டும். போதகரும் ரோகிணியும் தங்களை விசாரிக்கிறார்கள்.

இப்படிக்கு, ஒருவேளை கடைசியாக,
வே. சத்தியநாதன்

பின்குறிப்பு: வியாழன் காலை. கடிதத்தை ஒட்டுமுன் ரோகிணிக்கு வாசித்துக் காட்டினேன். லில்லி இதழ் வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்லிவிட்டாள். ஞாயிறுதோறும் வெள்ளனே, நான் குளிக்கும் நேரத்தில், ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் போய்ப் பீடத்துக்குப் பூ வைப்பவள் அவள். அந்தப் பூ எப்படி அங்கே வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"புயல் வருதுன்னு போன்ல போட்டிருந்துச்சுங்க. மழை வருதுன்னும் போட்டிருந்துச்சு. பொருளாளர் சங்கதிய பொண்ணோட தங்கச்சியே சந்தையில சொன்னா. நாட்டு நடப்புக்குத் தக்கன ஒரு பாட்டுப் பாட வேணாமா? நீங்க ஒங்களுக்கு வாசிக்க வர்றதையே போடுவீங்க."

அப்படியானால் 287 எதற்கு என்று அதட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க வாசிச்சு நான் கேக்கணும்னு இருந்துச்சுங்க. அன்னைக்கு வாசிக்கிறப்ப எனக்குக் கேக்காதுல்ல."

அவள் ஏற்கெனவே தெரிந்த சேதிக்குத்தான் பாட்டுப் போடுவாள், ஐயா. லாவண்யா வீட்டிலிருந்து வந்த அன்று, அக்காள் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன், வேறு ஒன்றுமில்லை என்றாள். நான் ஆர்மோனியத் துருத்திக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தைரியம் இல்லை.

ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யவும். பதில் வேண்டாம். பக்கத்து வீட்டு வேலப்பனைக் கூட்டிவந்து பீரோவை நகர்த்திவிட்டேன். எதற்கு என்று ரோகிணி கேட்டாள். சுவருக்கு வெள்ளை அடிக்க என்று சொன்னேன்.