மூலையில் ஏழு கற்கள்

பல் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். மனைவியிடம் கெஞ்சக் கூடாது. ஆடி ஜெயிக்க வேண்டும்.

நூலகத்தில் வேலை பார்த்த அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. ஆனால் ஊர் மாற வேண்டும். ரயிலில் எட்டு மணி நேரம். கிளினிக்கை விட்டு டாக்டரால் நகர முடியாது. நாளைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஒரு ஆட்டம் 'கோ' போடுவோம். நான் ஜெயிச்சா நீ போகக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"போயேன்!" என்று சிரித்தார். கற்களை வைத்து ஆடும் அந்தப் பலகை ஆட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஜெயித்தும் வந்தார்.

அவருக்குக் கறுப்புக் கல், அவளுக்கு வெள்ளை. பலகையில் அதிக இடத்தை வளைப்பவருக்கு வெற்றி. எதிராளி சூழ்ந்துகொண்ட கற்கள், தங்களுக்குள் இரண்டு காலி இடங்களை, அதாவது இரண்டு 'கண்'களை, அமைத்துக்கொண்டால் பிழைக்கும். இல்லையேல் சாகும்.

அரை மணியில் டாக்டரின் ஏழு கற்கள் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டன.

"விட்டுடுங்களேன். ஏழுதானே?"

"விடறதா? ஆடுற பல்லையே பிடுங்காம காப்பாத்தறவன் நான்!"

"தெரியும். நீங்க பல்லைக் காப்பாத்தின போஸ்ட்மாஸ்டர் இன்னும் ஒரு பக்கமாத்தான் மெல்லறார்."

டாக்டர் வியர்க்க வியர்க்கப் போராடினார். அவர் மூலைக்குள் ஒரு கல் வைத்தால், அவள் வெளியே ஒன்று வைத்தாள், துணி உலர்த்துகிறவளைப் போல நிதானமாக. முதல் கண் வந்தது. பெரும்பாடுபட்டு இரண்டாவதும் வந்தது.

"பிழைச்சிடுச்சு!" நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம். மத்த இடத்தைப் பார்த்தீங்களா?"

பார்த்தார். பலகை நெடுக வெள்ளை. கறுப்புக்கு மிஞ்சியது குருவிக்கூடு அளவுக்கு ஒரு மூலை.

"இதை யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"உங்களைப் பார்த்துத்தான். ஒரு கல்லை விடவும் உங்களுக்கு மனசு வராது. அதுல மாட்டிவிட்டா வேற எங்கேயும் கண்ணு போகாது."

டாக்டர் கற்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். ஒரு கை அள்ளினால் முடிகிற வேலை.

"நான் ஜெயிச்சிருந்தா நிஜமாவே இருந்திருப்பியா?"

"ஜெயிக்கணும்னுகூட இல்லீங்க. 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நாலு நாளா காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க பலகையைத் தூக்கிட்டு வந்தீங்க."

டாக்டர் அவசரமாக வாயைத் திறந்தார்.

"ம்ஹூம்," என்றாள். "இப்போ சொன்னா அது அழுகுணி ஆட்டம்."